“நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்!” இந்தப் பொய் யாருக்கு லாபம்?

முதலாளி பொய் சொன்னால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. “மில் நஷ்டத்தில் ஓடுகிறது, போனஸ் தர வழியில்லை” என்று அவர் கையை விரித்தால், “கணக்கைக் காட்டு” என்று மில் வாசலில் உட்கார்ந்துவிடுகிறோம். “இந்தப் போகம் விளைச்சலே இல்லை” என்று மிராசுதார் முனகினால், களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லைக் கை நீட்டிக் காட்டுகிறோம். பிறர் பொய்யைப் பிடிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

ஆனால் நம் வாயிலிருந்தே ஒரு பொய் தினமும் புறப்படுகிறது. மில் வாசலில் கேட்கிறோம், டீக்கடை பெஞ்சில் கேட்கிறோம், நடவு முடிந்து கரையேறும் வரப்பில் கேட்கிறோம். “நான் ஒன்றும் குடிகாரன் இல்லை. நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்!”

எத்தனை வருஷமாக இதைக் கேட்டுவருகிறோம்? எத்தனை “நாளைக்கு” வந்து போய்விட்டது? வந்த நாளைக்கெல்லாம் கடை வாசலில்தானே முடிந்தது!

என்றைக்கோ கல்யாண வீட்டில் ஒரு வாய் குடித்தவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. குடி தன் பிடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் குடியின் பிடியில் கிடக்கிற தோழனைப் பற்றியே பேச்சு. அவனுக்கு ஒழுக்கப் பிரசங்கம் செய்ய இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. அவன் சொல்கிற பொய்யையும், அந்தப் பொய்க்குப் பந்தல் போட்டுக் கொடுக்கிற நம் எல்லோருடைய பொய்யையும் சந்தியில் நிறுத்தி விசாரிக்க வேண்டும். அதுதான் நோக்கம்.

கணக்குப் பார்ப்போம்

முதலாளியின் பொய்யைக் கணக்கால்தான் உடைக்கிறோம். இதையும் கணக்கால்தான் உடைக்க வேண்டும்.

“பிராந்தி தொடுவதில்லை. பீர்தான். அது தண்ணீர் மாதிரி” என்கிறார் ஒருவர். பாட்டில் மேல் அச்சடித்திருக்கிறதைப் படியுங்கள். 180 மில்லி குவார்ட்டரில் சாராயச் சத்து நூற்றுக்கு 42.8 பங்கு. அதாவது சுமார் 60 கிராம். பெரிய பீர் பாட்டில் 650 மில்லி; காட்டமான பீரில் சாராயச் சத்து நூற்றுக்கு 8 பங்கு வரை இருக்கிறது. அதாவது சுமார் 40 கிராம். இரண்டு பாட்டில் பீர் குடித்தவர் குவார்ட்டர் குடித்தவரைத் தாண்டிவிட்டார். இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

“ராத்திரி குடித்தது ராத்திரியோடு போச்சு. காலையில் தெளிந்துதான் வேலைக்கு வருகிறேன்” என்கிறார் இன்னொருவர். ஈரல் ஒரு யந்திரம். மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் அதனால் சாராயச் சத்தைக் கரைக்க முடியும். ராத்திரி 10 மணிக்கு இரண்டு குவார்ட்டர் முடித்தவர் உடம்பில் 120 கிராம். காலை 6 மணி ஷிப்டுக்கு அவர் நுழையும்போது, நன்றாக வேலை செய்கிற ஈரலாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், மோர் குடித்தாலும், கடுங்காப்பி குடித்தாலும் ஈரல் அவசரப்படாது. அந்த ரத்தத்தோடு கார்டிங் யந்திரத்தில் கை வைக்கிறார். நெல் அறுக்கும் யந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறார். யந்திரத்துக்குப் பொய் தெரியாது, தோழர்களே!

“உடம்பு அலுப்புக்குக் குடிக்கிறேன். சேற்றில் நின்ற உடம்புக்குச் சூடு வேண்டாமா?” என்கிறார் வயலில் வேலை செய்கிறவர். குடித்ததும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் சூடு ஏறினது போல இருக்கிறது. உண்மையில் உடம்பில் இருந்த சூடுதான் வெளியே போகிறது. தூக்கமும் அப்படியே. சீக்கிரம் கண் அசரும். நடு ராத்திரிக்குப் பிறகு தூக்கம் துண்டு துண்டாக உடையும். காலையில் முன்னைவிட அதிக அலுப்பு. அந்த அலுப்புக்கு மறுபடி ஒரு குவார்ட்டர்! வட்டிக்கு மேல் வட்டி போடுகிற லேவாதேவிக்காரன் கணக்கு இதுதான்.

“என் உழைப்பு, என் காசு, நான் குடிக்கிறேன்” என்கிறார் கடைசியாக ஒருவர். நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 54,750 ரூபாய். கூலி உயர்வுக்காக எத்தனை நாள் பந்தலில் உட்கார்ந்தோம்? எத்தனை பேர் வழக்கில் அலைந்தோம்? வாங்கிய உயர்வு வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காமல் கடைக் கல்லாவுக்குள் போகிறது. கரும்பு வெட்டப் போகிறவர் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணமும் அப்படியே. பணம் கடைக்குப் போகிறது. கடன் மட்டும் பெண்டாட்டி பிள்ளைகளின் கழுத்தில் விழுகிறது. அப்புறம் யாருடைய காசு அது?

ஏன் பொய் சொல்கிறான்?

போராட்டத்தில் உயிரையும் கொடுக்கத் துணிந்தவன், பத்துப் பைசா சந்தாக் கணக்கில் பிசகாதவன், குடி என்று வந்தால் மட்டும் ஏன் கூசாமல் பொய் சொல்கிறான்?

அவன் பிறவிப் பொய்யன் அல்ல. குடிநோயின் குணங்களில் ஒன்று அந்தப் பொய். குடிநோய் ஒரு நோய் என்பதை உலக சுகாதார ஸ்தாபனம் தன் நோய்ப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. அந்த நோயில் மூன்று விதப் பொய்கள் உண்டு.

ஒன்று, தெரிந்து சொல்கிற பொய். பாட்டிலை வைக்கோல் போரில் ஒளித்துவிட்டு, “வாயில் வைக்கவே இல்லை” என்று பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வது. வெட்கமும் பயமும் பேசுகிற பொய் இது. உண்மையைச் சொன்னால் குடியைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயம்!

இரண்டாவது, பொய் போலத் தெரிகிற மறதி. அளவுக்கு மீறிக் குடித்தால் மூளை அந்த நேரத்து ஞாபகத்தைப் பதிவு செய்வதையே நிறுத்திவிடுகிறது. “நேத்து ராத்திரி என்னை அடிச்சீங்களே” என்று மனைவி அழுதால், “நானா? இல்லவே இல்லை” என்கிறான். அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததால் அடி இல்லாமல் போய்விடுமா? அவள் கன்னத்தில் இருக்கிறதே சாட்சி!

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. அது தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற பொய். காலையில் கை நடுங்குகிறது. ஒரு வாய் ஊற்றினால் நடுக்கம் நிற்கிறது. “பார்த்தாயா, இதுதான் மருந்து” என்று மனசு சொல்கிறது. நடுக்கத்தைக் கொண்டுவந்ததே அதுதான் என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறது. வீட்டுக்குத் தீ வைத்தவனே தண்ணீர்க் குடத்தோடு வந்து நிற்க, அவனுக்கு நாம் மாலை போடுகிறோம்!

நோய் என்று சொன்னதால் பொய்க்கு மன்னிப்புச் சீட்டுக் கொடுத்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காய்ச்சல்காரன் காய்ச்சலை மறைத்தால் காய்ச்சல் வளர்கிறது. குடிநோய்க்குப் பொய்தான் சோறு.

நானும் பொய் சொன்னேன்

பிறர் கணக்கைக் கேட்கிறவன் தன் கணக்கையும் வைக்க வேண்டும். வைக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் நான் வேலை செய்த மில்லில், கார்டிங் பகுதியில் ஓர் அண்ணன் இருந்தார். எனக்கு வேலை பழக்கியவர். சங்கக் கொடியை என் கையில் கொடுத்தவர். போலீஸ் தடிக்கு அசையாத மனுஷன், சாயங்காலம் ஒரு குவார்ட்டருக்கு அசைந்தார். பிறகு அது இரண்டு ஆயிற்று. பிறகு காலையிலும் வேண்டியிருந்தது.

அவர் வராத நாட்களில் மேஸ்திரியிடம் போய், “அண்ணனுக்குக் காய்ச்சலுங்க” என்று சொன்னவன் நான்தான். “தம்பி, நீதான்டா என் தம்பி” என்று சாயங்காலம் தோளில் கை போடுவார். தோழமைக்காகச் செய்வதாக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஒரு வருஷம் மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டினதும், “இனிமே தொட மாட்டேன்” என்று ஒரேயடியாக நிறுத்தினார். தெருவே மெச்சியது. இரண்டாம் நாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் ராத்திரி, “சுவரெல்லாம் எறும்பு ஏறுது, தட்டி விடுங்கடா” என்று கத்தினார். அம்மன் குற்றம் என்று வேப்பிலை அடித்தார்கள். ஒரு ராத்திரி அதில் போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “குடிப்பழக்கம் உண்டா?” அண்ணி தலை குனிந்து நின்றார். நான் முந்திக்கொண்டேன். “எப்பவாவதுங்க. விசேஷ நாள்ல மட்டும்.” ஏன் அப்படிச் சொன்னேன்? அண்ணன் மானம் போகக்கூடாது. சீட்டில் எழுதிவிட்டால் அது நிர்வாகத்தின் கைக்குப் போய்விடுமோ என்ற பயம். காய்ச்சல் ஜன்னி என்று வைத்தியம் நடந்தது, குளுகோஸ் ஏற்றினார்கள்.

அடுத்த நாள் காலையில் அண்ணி முன்னால் வந்து நின்றார். “டாக்டரய்யா, இந்தத் தம்பி சொன்னது பொய். தினம் ரெண்டு குவார்ட்டர். காலையிலயும் உண்டு. காப்புக் கட்டினதுலேர்ந்து ஒரு சொட்டு இல்லை.” வைத்தியம் உடனே மாறியது. உயிர் நின்றது.

ஆனால் ஞாபகம் திரும்பவில்லை. வருஷக்கணக்கில் சோற்றைக் குறைத்துக் குடித்த உடம்பில் பி-1 என்கிற வைட்டமின் வற்றிப்போயிருக்கும்; அந்த நிலைமையில் அந்த வைட்டமின் கொடுக்காமல் சர்க்கரை நீரை ஏற்றினால் மூளைக்குக் கேடு அதிகமாகும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். “முதல் நாளே சொல்லியிருக்கலாமேப்பா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அண்ணன் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். “முதல் ஷிப்ட் சங்கு ஊதிடுச்சா, தம்பி?” என்று ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை கேட்பார். “நேத்து மேனேஜர் வீட்டுக்கே வந்து மாலை போட்டாரு” என்பார். 1887-ல் கோர்சகோவ் என்ற ரஷ்ய மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதினார். ஞாபகம் ஓட்டையான இடத்தை மூளை தானாகக் கதை கட்டி அடைக்கும். முன்பு உண்மை தெரிந்து பொய் சொன்னவர், பின்பு பொய் என்று தெரியாமலே சொன்னார். அந்தக் கதைகளைக் கேட்டு நான் தலையாட்டிவிட்டு வருவேன். என் பொய்தான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

பந்தல் போடுகிறவர்கள்

நான் ஒருவன் மட்டுமா? ஒவ்வொரு மில்லிலும் ஒவ்வொரு சேரியிலும் இந்தப் பந்தல் இருக்கிறது. பதிலுக்கு வேலை பார்த்துக் கொடுக்கிற கூட்டாளி. “ஊருக்குப் போயிருக்காரு” என்று கடன்காரனிடம் சொல்கிற மனைவி. “அப்பா தூங்குறாரு” என்று வாசலில் நின்று சொல்லப் பழகிய ஏழு வயசுப் பிள்ளை. பொய் அந்த வீட்டில் பிள்ளைக்கு முதல் பாடமாகிவிடுகிறது.

நல்ல எண்ணத்தோடு சொல்கிற பொய்யும் ஒன்று உண்டு. “அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடி நின்றுவிடும்” என்று ஏதோ ஒரு பொடியை விற்கிறார்கள். கண்ணீரோடு பெண்கள் வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது? டைசல்பிரம் என்றொரு மருந்து உண்மையில் உண்டு. ரப்பர் தொழிற்சாலையில் அந்த வகை ரசாயனத்தோடு பழகிய தொழிலாளர்களால் குடிக்க முடியவில்லை என்பதை 1937-ல் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை மருத்துவர் எழுதினார். 1948-ல் டென்மார்க் மருத்துவர்கள் அதைக் குடிநோய்க்கு மருந்தாகக் கொண்டுவந்தார்கள். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இருதயக் கோளாறு உள்ளவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் டாக்டர் பார்வையில், நோயாளி தெரிந்து சம்மதித்து மட்டுமே அதைச் சாப்பிட வேண்டும். ஒருவன் பொய்யை இன்னொரு பொய்யால் குணப்படுத்த முடியாது, தாய்மார்களே!

“கஷ்டத்தால் குடிக்கிறான், விட்டுவிடுங்கள்!”

நம் ஆட்களிலேயே சிலர் பெரிய தத்துவம் பேசுகிறார்கள். “தொழிலாளி கஷ்டத்தால் குடிக்கிறான். சுரண்டல் ஒழிந்தால் குடியும் தானே ஒழியும். அதுவரை அவனைக் கேள்வி கேட்காதீர்கள்.”

கஷ்டம் உண்மை. எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியை விழுங்குகிறவன் சுகவாசி என்று யார் சொன்னது? இடுப்பு ஒடிய நாற்று நடுகிறவளும் அதே கஷ்டத்தைத்தானே படுகிறாள்? அவள் என்ன செய்கிறாள்? அடுப்பு மூட்டுகிறாள்! கஷ்டம் என்பது குடி பிறந்த கதை. பொய்க்கு அது நியாயம் ஆகாது.

இந்தத் தத்துவத்தால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் திராட்சைத் தோட்ட முதலாளிகள் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்து வந்தார்கள். ஒரு நாளில் பல தடவை குவளையில் ஊற்றிக் கொடுப்பார்கள். ‘டாப்’ முறை என்று அதற்குப் பெயர். சட்டம் தடுத்த பிறகும் பல ஆண்டுகள் அது நடந்தது. தாய் வயிற்றிலேயே சாராயத்தால் ஊனப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்று அந்தப் பகுதி. தொழிலாளியின் கஷ்டத்தைத் தீர்க்கவா முதலாளி குவளையை நீட்டினான்? மயங்கியவன் கூலி பேச மாட்டான், கடன்பட்டவன் தோட்டத்தை விட்டுப் போக மாட்டான் என்று கணக்குப் போட்டு நீட்டினான்!

சுரண்டலை எதிர்க்கத் தெளிந்த தலை வேண்டும். சுரண்டல் ஒழியும் வரை தலை தெளிய வேண்டாம் என்பது, மழை நின்ற பிறகு குடை விரிக்கலாம் என்பது போலத்தான்.

சர்க்காரின் “நாளைக்கு”

தொழிலாளியை விசாரித்துவிட்டு அவன் கையில் பாட்டிலைக் கொடுத்தவனை விட்டுவிட முடியுமா?

1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட வேண்டும் என்று 1939-ல் பொது விற்பனை வரி போட்டார்கள். ஏழை எளிய ஜனங்கள் உப்பு புளி வாங்கும் கடை வரைக்கும் வரி வந்தது. 1971-ல் கடைகளைத் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்தது. 2003-ல் சில்லறைக் கடையையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. மதுவிலக்கு போயிற்று. அதற்காகப் போட்ட வரி போயிற்றா? பெயர் மாறியதே தவிர, போகவில்லை. இரண்டு கையாலும் வாங்குகிறார்கள்!

2016-ல், “படிப்படியாக மதுவிலக்கு” என்று சொல்லி 500 கடைகளை மூடினார்கள். 2023-ல் இன்னொரு ஆட்சியும் 500 கடைகளை மூடியது. பலன் என்ன? 2022-23-ல் 44,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்த வருமானம் 2023-24-ல் 45,000 கோடியைத் தாண்டியது! நம் தோழன் “நாளைக்கு விட்டுவிடுவேன்” என்கிறான். சர்க்கார் “படிப்படியாக விட்டுவிடுவோம்” என்கிறது. இரண்டும் ஒரே நோயாளியின் பேச்சு. மது உயிருக்குக் கேடு என்று பாட்டிலிலேயே அச்சடித்து, அந்தக் கேட்டைக் கல்லாவில் காசு வாங்கிக்கொண்டு விற்கிறவன் யாரை ஏமாற்றுகிறான்?

“நாங்கள் விற்காவிட்டால் கள்ளச்சாராயம் பெருகும்” என்பது அடுத்த வாதம். விற்றுக்கொண்டிருக்கும்போதே 2023 மே மாதம் மரக்காணம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் அவர்களில் பலர். அங்கே முதல் சாவுகள் விழுந்தபோது, காரணம் சாராயம் என்று மாவட்ட நிர்வாகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மறுப்பை நம்பியவன் கதி என்ன? மறுப்பு ஆளைக் கொல்லும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் ஒன்று, தோழர்களே. சர்க்காரின் குற்றத்தைக் காட்டி நம் குற்றத்தை மறைத்துக்கொள்வதும் குடிகாரன் வேலைதான். கடையை எதிர்த்து மறியல் செய்துவிட்டு, பின்வாசல் வழியாக வாங்கிக் குடிக்கிறவனின் கோஷத்தை யார் மதிப்பார்கள்?

என்ன செய்ய வேண்டும்?

முதலில், கேள்வி கேளுங்கள். குடித்திருக்கும்போது கேட்பதில் பயனில்லை; குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. விடிந்த பிறகு, தெளிந்த நேரத்தில், தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். மருத்துவர்கள் கேட்கிற நாலு கேள்விகள் இவை: குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? யாராவது உன் குடியைப் பற்றிப் பேசினால் கோபம் வருகிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீரக் குடித்ததுண்டா? இரண்டுக்கு “ஆமாம்” என்று பதில் வந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தினமும் நிறையக் குடிக்கிறவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கோயிலில் கயிறு கட்டியும் அப்படி நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்த ஒரு நாளுக்குள் நடுக்கமும் வேர்வையும் வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். அது உயிரைக் குடிக்கும். பேயும் அல்ல, அம்மன் குற்றமும் அல்ல. நிறுத்துவதற்கு முன்பே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் அதற்கு மாத்திரை உண்டு, வைட்டமின் ஊசி உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டு யோசனை கேட்கலாம், காசு கிடையாது.

மூன்றாவது, டாக்டரிடம் முழு உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை குவார்ட்டர், எத்தனை வருஷம், கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள். இந்த மூன்றையும் மறைத்தவன் நான். மறைத்ததற்கு என்ன விலை என்று மேலே சொல்லிவிட்டேன்.

நாலாவது, பந்தலைப் பிரியுங்கள். பதில் வேலை, பொய்க் காய்ச்சல், கைமாற்றுக் கடன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேஸ்திரியிடம் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. வைத்தியத்துக்கு லீவு வாங்கிக் கொடுங்கள், வேலை போகாமல் சங்கம் நிற்கட்டும், வீட்டுக்கு அரிசி போகட்டும். நோய்க்குத் துணை நிற்போம், பொய்க்கு நிற்க மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். போனஸ் நாளிலும் சாவு வீட்டிலும் தேர்தலிலும் ஊற்றிக் கொடுக்கிற வழக்கத்தையும் அத்தோடு நிறுத்துங்கள்.

ஐந்தாவது, குடித்து மீண்டவரைக் கூட்டி வாருங்கள். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள், ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் டாக்டர், ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து உண்மை பேசினார்கள். அதிலிருந்துதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு பிறந்தது. அது இன்று நம் பக்கத்திலும் கூட்டங்கள் நடத்துகிறது. பாட்டிலை ஒளிக்கிற இடம் இன்னொரு குடிநோயாளிக்குத்தான் நன்றாகத் தெரியும். அவனிடம் புளுகு செல்லாது!

மீண்டவன் மறுபடி விழலாம். பல பேர் விழுகிறார்கள். விழுந்ததை அன்றைக்கே சொன்னவன் எழுந்துவிடுவான். மறைத்தவன்தான் மறுபடி முழுகுகிறான். ஆகையால் விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

குடிக்கிற தோழனே, உன்னிடம் கடைசியாக ஒரு வார்த்தை. முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் போராடியவன் நீ. உன் கணக்கை உன் வீட்டாரிடம் திறந்து காட்ட என்ன பயம்? “நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்” என்று சொல்லாதே. “என்னால் தனியாக விட முடியவில்லை” என்று சொல். சொல்ல முடியாத அவமானம் அதில் ஒன்றும் இல்லை. தனியாக முடியாததால்தானே சங்கம் வைத்தோம்!

அந்த ஒரு வாக்கியத்தை என் அண்ணன் சொல்லவில்லை. அவருக்காக நானும் சொல்லவில்லை. மேஸ்திரிக்கும் டாக்டருக்கும் ஊருக்கும் பொய் சொன்னேன். அண்ணி ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். ஒரு நாள் தாமதமாகச் சொன்னார்.

நீங்கள் அந்த ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். இன்றைக்கே சொல்லுங்கள்!